சாய்தளத்தின் உச்சியில் ஒரு படி

அந்தப் படியைக் கட்டியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களை நான் திட்டும்போது என்னையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள உங்களுக்கு வசதியாக இருக்கும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த ஊரிலும் இரண்டு மாரிக்கு மேல் தங்கியதில்லை. மன்னாரில் கருவாடு காயவைத்தேன். வவுனியாவில் அரிசி ஆலையில் மூட்டை சுமந்தேன். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். இரண்டு வருடம் கட்டாரில் வெயிலுக்குள் நின்று கம்பி வளைத்தேன். மேசன் வேலையை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நின்று பார்த்துப் பிடித்ததுதான். ஆகையால் பாதி தெரியும். யாழ்ப்பாணத்தில் பாதி தெரிந்தால் போதும். மீதியைச் சொல்லித்தர ஒவ்வொரு வாசலிலும் ஓய்வுபெற்ற ஒருவர் நிற்பார்.

சண்டை முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகு, கால் இல்லாதவர்களும் கண் தெரியாதவர்களும் வீதியில் இறங்குவார்கள் என்பது திடீரென்று எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கூட்டம் வைத்தார்கள். அப்படியான ஒரு கூட்டத்துக்கு நான் கதிரை அடுக்கப் போயிருந்தேன். ஊனமுற்றோர் என்று சொல்லக்கூடாது, வேறு என்ன சொல்லலாம் என்பதை மதியச் சாப்பாடு வரை ஆராய்ந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கலைந்தார்கள். அந்தக் கூட்டம் மேல்மாடியில் நடந்தது.

அதன் பிறகு இப்படியான சின்ன வேலைகள் என்னிடம் வரத் தொடங்கின. பெரிய மேசன்மார் இதற்கு வரமாட்டார்கள். நடைபாதையில் கண் தெரியாதவர்களுக்கென்று மஞ்சள் கல்லுப் பதித்தேன். வரிசை நேரே மின்கம்பத்தில் போய் முட்டியது. வளைக்கட்டோ என்று கேட்டேன். நேராகத்தான் ஒப்பந்தம் என்றார்கள். இன்னொரு இடத்தில் அகலக் கதவு வைத்த கழிப்பறை ஒன்று கட்டினேன். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அதற்குள் விளக்குமாறும் பெயின்ற் வாளியும் இருந்தன. பூட்டும் போட்டிருந்தார்கள். விளக்குமாறு தப்பி ஓடிவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

இனிப் படிக்கு வருகிறேன்.

நீர்வேலி, புத்தூர்ப் பக்கம் வாழைக்குலை ஏற்றிய லொறிகள் போகும் வீதியில் ஒரு பொது மண்டபம் இருக்கிறது. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். எல்லா ஊரிலும் இதே மண்டபம்தான். மாரி வெள்ளத்துக்குப் பயந்து தளத்தை மூன்றடி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். முன்னால் ஐந்து படி. எங்கள் ஆட்கள் படியை எண்ணித்தான் கட்டுவார்கள். முதல் படி இலாபம், இரண்டாவது நட்டம், மூன்றாவது இலாபம் என்று எண்ணிக்கொண்டு போனால் கடைசிப் படி இலாபத்தில் முடியவேண்டும். அதனால் மூன்று, ஐந்து, ஏழு என்றுதான் படிகள் இருக்கும். குடாநாடு முழுவதும் எல்லா வாசலும் இலாபத்தில்தான் முடிகிறது. வீடுகளைப் பூட்டிவிட்டுச் சனம் கனடாவுக்குப் போனது எதில் முடிந்த கணக்கு என்று எனக்குத் தெரியாது.

அந்த மண்டபத்துக்குச் சாய்தளம் ஒன்று கட்டவேண்டும் என்று பிரதேச சபையில் முடிவாகி, வரைபடமும் வந்தது. கீறியது ஒரு இளம் பெண் உத்தியோகத்தர். நல்ல வரைபடம். ஒரு அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம், நடுவில் திரும்புவதற்கு ஒரு சமதளம், இரண்டு பக்கமும் கைப்பிடி. எனக்கே பார்த்தவுடன் விளங்கியது. கட்டிக்கொண்டு மேலே போனேன். மண்டபத் தளத்துக்கு இன்னும் ஆறங்குலம் இருக்கும்போது மண்டபச் சபைத் தலைவர் வந்தார். ஓய்வுபெற்ற அதிபர். வெள்ளை வேட்டி, காதில் போன். மறுமுனையில் கனடாவில் இருக்கும் அவருடைய மைத்துனர். கைப்பிடிக் கம்பிக்குக் காசு அனுப்பியவர் அவர்தான்.

போனை மூடிவிட்டு அதிபர் என்னிடம் கேட்டார்.

“உதில எத்தினை படி வருது?”

“படி இல்லைச் சேர். இது சாய்தளம்.”

“படி இல்லாமல் எப்பிடி? ஒண்டுமில்லை எண்டா இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மங்கலமான இடம் இது. கலியாணம் நடக்கிற மண்டபம். ஒரு படியாவது வேணும். ஒண்டு எண்டா இலாபம்.”

“வரைபடத்தில படி இல்லைச் சேர்.”

“வரைபடம் கீறினது சின்னப்பிள்ளை. உதெல்லாம் அதுக்குத் தெரியாது.”

“வீல்செயர் ஏறாது சேர்.”

“ஆறங்குலம்தானே. ஒராள் கை குடுத்தா ஏறும். கை குடுக்க எங்கடை சனத்துக்கு மனமில்லையோ?” என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனி?”

“எட்டு.”

“அப்ப சொன்னதைச் செய்.”

செய்தேன். அந்தப் பெண் உத்தியோகத்தருக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். வரைபடத்தின் மூலையில் இலக்கம் இருந்தது. எடுக்கவில்லை. முப்பது அடி நீளமாகக் கட்டி ஏற்றிய சாய்தளத்தின் உச்சியில் ஆறங்குலப் படி ஒன்று வைத்து, விளிம்பை நல்ல கூராகப் பூசி முடித்தேன். வேலை சுத்தம் என்று அதிபர் முதுகில் தட்டினார்.

திறப்பு விழாவுக்கு நிறைகுடம் வைத்தார்கள், குத்துவிளக்கு வைத்தார்கள், நாடா கட்டினார்கள். முதலில் ஏறுவதற்கென்று ஒரு பெண்ணை அழைத்திருந்தார்கள். அவள் பக்கத்து ஒழுங்கையில் தங்கையின் குடும்பத்தோடு இருந்தவள். கடைசிச் சண்டையில் முதுகில் குண்டுச் சிதறல் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வயது நாற்பது இருக்கும். கைபேசி திருத்துவாள். சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து, சாய்தளத்தில் பாதி ஏறி, சமதளத்தில் நின்று, மேலே பார்த்தாள்.

“இதை ஆர் கட்டினது?” என்று கேட்டாள்.

நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். படப்பிடிப்பாளர் கமராவோடு நின்றார். படம் இல்லாமல் விழா முடியாது. கடைசியில் மருந்தகத்தில் இருந்து ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, அதிபரே அதில் ஏறி இருந்தார். இரண்டு பேர் அவரைப் படிக்கு மேலே தூக்கி வைத்தார்கள். சிரித்துக்கொண்டு கையசைத்தார். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மண்டபத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். மாட்டுவதற்கு ஆணி அடித்ததும் நான்தான்.

மூன்று கிழமை கழித்து மண்டபத்தின் பக்கவாட்டில் ஓடும் கழிவுநீர்க் கானைத் திருத்த என்னைக் கூப்பிட்டார்கள். அதே நாள் காலை மண்டபத்தில் ஒரு நேர்முகம். பஸ் நிலையத்தில் புதிதாகக் கட்டிய கடைகளில் ஒன்றை மாற்றுத்திறனாளி ஒருவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். விண்ணப்பித்தவர்கள் நேரில் சமூகமளிக்கவேண்டும், பெயர் மூன்று தரம் கூப்பிடப்படும், இல்லாவிட்டால் அடுத்த ஆள் என்று கடிதத்தில் போட்டிருந்தது.

அவளும் விண்ணப்பித்திருந்தாள். தங்கை குடும்பம் பிரான்சுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. வீட்டை விற்கப் பேச்சும் முடிந்துவிட்டது. கடை கிடைத்தால் அவள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தன்பாட்டில் இருப்பாள். கிடைக்காவிட்டால் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பார்த்து வைத்திருந்தார்கள். அங்கே விளக்கு அணைக்கும் நேரத்தைக்கூட வேறு யாரோதான் தீர்மானிப்பார்கள். இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது பிறகுதான். அன்று காலை நான் கண்டது, மடியில் விண்ணப்பக் கோப்பு ஒன்றோடு சாய்தளத்தின் உச்சியில் அந்தப் படிக்கு முன்னால் நின்ற நாற்காலியை மட்டும்.

ஊன்றுகோல் வைத்திருந்த ஒருவரும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவரும் முன்படியால் ஏறி உள்ளே போய்விட்டார்கள். அதிபர் வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, ஒண்டுக்கும் யோசிக்காதை. நாலைஞ்சு பெடியள் நிக்கினம். அப்பிடியே தூக்கி வைச்சிடுவினம்.”

“வேண்டாம் சேர்.”

“என்ன வெக்கம்? எல்லாரும் உன்ரை அண்ணன் தம்பிமார்தானே.”

“அஞ்சு பேர் தூக்கினா அஞ்சு பேரின்ரை கையும் எனக்குத் தெரியும் சேர். எந்தக் கை அண்ணன்ரை, எந்தக் கை இல்லை எண்டதும் தெரியும்.”

தூக்க வந்தவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். ஒருவன் தன் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

கைகள் மட்டும் காரணமில்லை. முன்பு ஒரு கோயில் திருவிழாவில் அவளைத் தூக்கியவர்கள் கீழே போட்டிருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே தோல் உரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. நோவு இல்லையே. புண் எலும்பு வரை போன பிறகுதான் தெரிந்திருக்கிறது. நாலு மாதம் ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்திருந்தாளாம். அதனால் நாற்காலியில் இருந்து இறங்கித் தவழ்ந்து ஏறுவதும் அவளால் முடியாது. நல்ல கூராகப் பூசிய விளிம்பு அது.

உள்ளே இருந்து கிளாக்கர் வாசலுக்கு வந்தார். கையில் வரவு பதியும் இடாப்பு. அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்.

“இருக்கிறன்,” என்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஐந்தடி தூரம்.

“உள்ளுக்கு வந்து சொல்லோணும்.”

“என்னைத் தெரியேல்லையோ உங்களுக்கு? போன மாதமும் உங்கடை போன் திருத்தினனான்.”

“தெரியும் பிள்ளை. ஆனா சமூகமளிக்கிறது எண்டா மண்டபத்துக்குள்ள.”

“அப்ப இடாப்பை இஞ்சை கொண்டாங்கோ.”

“இடாப்பு மண்டபத்தை விட்டு வெளியில வராது.”

“ஏன், இடாப்புக்கும் கால் இல்லையோ?”

வீதியில் நின்ற ஓட்டோக்காரர்கள் சிரித்தார்கள். கிளாக்கர் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டார். ஒரு தரம் கூப்பிட்டாயிற்று.

நான் கானுக்குள் நின்றுகொண்டு இதையெல்லாம் பார்த்தேன், கேட்டேன். வெளியே ஏறி, சாரம் கட்டக் கொண்டுவந்திருந்த பலகையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் ஓடினேன். ஆறடிப் பலகை. ஒரு முனையைச் சாய்தளத்திலும் மறு முனையைப் படியின் மேலும் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அண்ணை, என்ரை வண்டி என்ன சைக்கிளோ? ரெண்டு பக்கமும் சில்லு இருக்கு.”

பலகையின் அகலம் ஒன்பது அங்குலம். சாய்தளம் கட்டியவனுக்கு ஒரு சக்கர நாற்காலியின் சில்லுகளுக்கு இடையில் எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. கட்டி முடித்து மூன்று கிழமைக்குப் பிறகு கற்றுக்கொண்டேன்.

மற்றப் பலகை கானுக்குக் குறுக்கே பாலம் மாதிரிக் கிடந்தது. எடுக்கப் போனால் அதற்கு மேலே தேத்தண்ணித் தட்டோடு ஒரு அம்மா வந்துகொண்டிருந்தா. அவ கடந்து முடியும்வரை நின்றேன். அதற்குள் கிளாக்கர் இரண்டாம் தரம் கூப்பிட்டுவிட்டார். அவளும் “இருக்கிறன்” என்று இரண்டாம் தரம் கத்திவிட்டாள்.

பலகையோடு நான் வந்தபோது அதிபர் படிக்கு மேலே குறுக்கே நின்றார்.

“உதை வைச்சா படி மறைஞ்சு போகும்.”

“ஓம் சேர். மறையட்டும் எண்டுதான்.”

“உனக்கு விளங்காது, தள்ளு.” அவள் பக்கம் திரும்பினார். குரல் கனிந்தது. அந்தக் கனிவை என்னால் இன்றைக்கும் சகிக்க முடியவில்லை. “பிள்ளை, உன்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன். கடை கேக்க வந்தனி. இலாபத்தில ஏறி உள்ளுக்குப் போகவேணும்.”

“நான் நட்டத்திலயே வாறன் சேர். வழி விடுங்கோ.”

அதிபர் அசையவில்லை. நான் பலகையை அவருடைய காலுக்குப் பக்கத்தில் போட்டேன். பலகையில் ஈரச் சாந்து ஒட்டியிருந்தது. வேட்டியில் படும் என்று பார்த்ததும் துள்ளி விலகினார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த மனிதரை நகர்த்த ஒரு கரண்டிச் சாந்து போதுமாக இருந்தது.

சாய்தளமே ஏற்றம், அதற்கு மேல் பலகை இன்னொரு ஏற்றம். அவள் நாற்காலியைப் பின்னுக்கு எடுத்து, கோப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு முன்னுக்குக் குனிந்து சில்லைத் தள்ளினாள். நான் பின்னால் கைநீட்டினேன். கோப்பைக் கையில் எடுத்துவிட்டுச் சொன்னாள்.

“தொடாதேங்கோ. பின்னால நில்லுங்கோ, அவ்வளவுதான்.”

நின்றேன். கோப்பை மறுபடி கடித்துக்கொண்டு தள்ளி, ஒரு தரம் பாதி ஏறிப் பின்னுக்கு வந்தாள். பலகை வளைந்து கிறீச்சிட்டது. மூன்றாம் தரம் பெயர் கூப்பிடுவது உள்ளே இருந்து கேட்டது. அவளுடைய பல்லுக்கு இடையில் கோப்பு இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டாவது தள்ளில் முன்சில்லுகள் தளத்தில் ஏறின. பிறகு பெரிய சில்லுகள். ஏறியதும் நிற்காமல் நேரே மேசைக்குப் போனாள். நானும் சாந்துக் காலோடு உள்ளே போனேன், யாரும் தடுக்கவில்லை.

“வந்திட்டன்,” என்றாள்.

“எழுதியாச்சு,” என்றார் கிளாக்கர். “சமூகமளிக்கவில்லை எண்டு எழுதியாச்சு. இடாப்பில வெட்டி எழுதேலாது.”

“ஆரைப் பாத்து எழுதினீங்கள்?”

கிளாக்கர் பேனையை மூடினார். மேசையின் நடுவில் இருந்த பெரிய உத்தியோகத்தர் அதுவரை தன் போனையே குடைந்துகொண்டிருந்தார். அதே போனை மேசையில் வைத்துவிட்டுச் சலிப்போடு சொன்னார்:

“கீழ இன்னொரு வரி எழுதும் ஐசே. பிறகு சமூகமளித்தார் எண்டு. எனக்குப் பன்ரண்டு மணிக்கு வேற கூட்டம் இருக்கு.”

அவளை மண்டபத்துக்குள் இருத்தியது சட்டமும் இல்லை, இரக்கமும் இல்லை. அந்த மனிதரின் அவசரம். அதையும் நான் நன்றியோடு குறித்துக்கொண்டேன், வேறு எதுவும் அங்கே கிடைக்கவில்லை.

“போன் திருத்துவீரோ?” என்று அவர் கேட்டார். “என்ரை இது சார்ஜ் ஏறுதில்லை. கடையில குடுத்தன், உள்ள பழுது, மாத்தோணும் எண்டு சொன்னவை.”

அவள் போனை வாங்கினாள். பையில் இருந்து ஒரு மெல்லிய ஊசி எடுத்து, வயர் செருகும் ஓட்டைக்குள் விட்டு, சட்டைப்பைப் பஞ்சும் தூசியுமாக ஒரு சின்ன உருண்டையை வெளியே எடுத்து இடாப்பின் மேல் வைத்தாள். வயரைச் செருகினார்கள். ஏறியது. அந்த உத்தியோகத்தர் ஆறு மாதமாகச் சுமந்து திரிந்த அழுக்கைப் பார்த்துக் கிளாக்கர் முகத்தைச் சுளித்தார். மற்ற இருவரையும் அவர்கள் இரண்டிரண்டு கேள்வி கேட்டு ஏற்கெனவே முடித்திருந்தார்கள். அரை மணித்தியாலத்தில் கடை அவளுக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

கையெழுத்துப் போட மேசை உயரமாக இருந்தது. இடாப்பை எடுத்து அவளுடைய மடியில் வைத்தார்கள். அவள் எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதினாள். தலை நிமிர்ந்தபோது அதிபர் படப்பிடிப்புக்கு ஆயத்தமாகப் பக்கத்தில் வந்து நின்றார். தன்னம்பிக்கை என்று தொடங்கி ஏதோ பேசினார். இந்த மண்டபம் திறந்த கதவு என்றார். கமரா உயர்ந்ததும் அவள் கோப்பை முகத்துக்கு முன்னால் பிடித்தாள். கோப்பில் பல் பதிந்த அடையாளம் இருந்தது. அந்தப் படத்தை யாரும் சட்டம் போடவில்லை.

அடுத்த கிழமை மண்டபச் சபை கூடியது. படியை எடுக்கவில்லை. என்னுடைய இரண்டு பலகைகளையும் வாங்கி, பெயின்ற் அடித்து, களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டினார்கள். “பலகை தேவைப்படுவோர் காவலாளியிடம் கேட்கவும்” என்று ஒரு அறிவித்தல் எழுதி மண்டபத்துக்கு உள்ளே ஒட்டினார்கள். உள்ளே. காவலாளி மாலையில்தான் வருவார்.

அந்தப் படியை உடைக்க ஒரு சுத்தியலும் அரை மணித்தியாலமும் போதும். யாருக்கும் தெரியாமல் ஒரு விடியப்புறம் செய்திருக்கலாம். நான் செய்யவில்லை. எனக்கு அந்த மண்டபத்தில் இன்னும் கொஞ்ச வேலை இருந்தது.

அவளுடைய கடைக்கு முன்னால் தரையைச் சமப்படுத்தும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டாள். ஏன் என்னை என்று கேட்டேன். “பிழை விட்ட ஆளுக்குத்தான் எங்கை பிழை வரும் எண்டு தெரியும்,” என்றாள். இரண்டு தரம் பூசியதைக் கிளறி எடுக்க வைத்தாள். தண்ணிமட்டம் பிடித்துக் காட்டினாலும் நம்பவில்லை. ஈரம் காய்ந்த பிறகு நாற்காலியைத் தானே தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய் வெளியே வந்தாள். மூன்றாம் தரம்தான் சரி என்றாள்.

மாரி தொடங்குவதற்கு முன் நான் அந்த ஊரை விட்டுக் கிளம்பினேன். பையோடு பஸ் நிலையத்தில் நின்றபோது அவள் கடைக்குள் இருந்து கண்டாள். முன்னால் நாலைந்து பேர் போனோடு காத்து நின்றார்கள்.

“எங்கை போறியள் அண்ணை?”

“மன்னாருக்கு. ஒரு பள்ளிக்கூடத்தில வேலை.”

“அங்கை எத்தினை படி வைக்கப் போறியள்?”

காத்து நின்றவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பஸ் வந்தது. அதன் வாசலிலும் மூன்று படி, முதல் படி முழங்கால் உயரம். நான் காலைத் தூக்கி வைத்து ஏறினேன். அவள் குனிந்து யாருடையதோ போனைத் திறந்துகொண்டிருந்தாள்.